ரேமை ஆர் தின்னுறது? மெமரி லீக் பற்றி என்னட்ட அடிக்கடி கேக்கிற கேள்விகள்

வெள்ளவத்தையில கொம்பியூட்டர் திருத்துறதுதான் என்ட வேலை. "தம்பி, ரேம் நிரம்புது, ஒருக்கா வந்து பாருங்கோவன்" எண்டு கோல் வராத கிழமையே இல்ல. ஒவ்வொருத்தருக்கும் ஒண்டையே திருப்பித் திருப்பிச் சொல்லி வாய் நொந்து போச்சு, அதால ஒரேயடியா இதில எழுதி வைக்கிறன். கூடுதலா விண்டோஸ், பிறகு கொஞ்சம் லினக்ஸ். சும்மா புரோகிராம்ல வாற லீக்கை விட ஓஎஸ்ஸுக்குள்ள (மிஷினை ஓடவிடுற விண்டோஸ், லினக்ஸ் மாதிரியானது), அதாவது கேர்னல் (ஓஎஸ்ஸின்ட நடுப்பகுதி), ட்ரைவர் (நெட்வேர்க் கார்ட், பிரிண்டர் மாதிரி சாமான்களை ஓஎஸ்ஸோட கதைக்க வைக்கிற புரோகிராம்) பக்கம் வாற லீக்கைப் பற்றித்தான் கூட கதைக்கப்போறன், ஏனெண்டா அதைக் கண்டுபிடிக்கத் தெரியாமத்தான் ஆக்கள் ரேம் ரேமா வாங்கிக் காசைக் கரைக்கினம்.

மெமரி லீக் எண்டா உண்மையில என்ன? ரேம் ஒழுகுதா?

பேர்தான் பிழை. தண்ணி லீக் எண்டா வெளிய போயிடும், இது வெளிய போகாது, உள்ளயே பூட்டுப்பட்டுக் கிடக்கும். கலியாண வீட்டுக்கு வாடகைக்குக் கதிரை எடுக்கிறம் பாருங்கோ, ஆக்கள் வர வர இன்னும் அம்பது, இன்னும் அம்பது எண்டு எடுத்துக்கொண்டே போறம், பந்தி முடிஞ்ச பிறகும் ஒண்டையும் திருப்பிக் குடுக்கேல்ல, கதிரையில ஒருத்தரும் இருக்கவும் இல்ல, ஆனா வாடகைக் கடைக்காரன்ட கணக்கில அது இன்னும் "வெளிய". அடுத்த வீட்டுக்காரன் வந்து கேட்டா குடுக்கக் கதிரை இல்ல. இதுதான் லீக்.

புரோகிராம்ல வாற லீக்குக்கும் ஓஎஸ்ல வாற லீக்குக்கும் என்ன வித்தியாசம்?

பெரிய வித்தியாசம். ஒரு புரோகிராம் எவ்வளவுதான் லீக் பண்ணினாலும், அதை மூடின உடன ஓஎஸ் வந்து அது எடுத்த கதிரை முழுக்கத் தூக்கிக்கொண்டு போயிடும், ஆரும் கேட்டுக் குடுக்கத் தேவையில்ல. அதால ப்ரௌசர் நாலு ஜிபி தின்னுது எண்டா மூடித் திறவுங்கோ, முடிஞ்சுது.

ஆனா கேர்னலும் ட்ரைவரும் அப்பிடி இல்ல. அங்க எடுக்கிறது வாடகைக் கடைக்காரன்ட சொந்த வேலைக்காரன், அவன் எடுத்துப்போட்டு மறந்தா மேல இருந்து வந்து பறிக்க ஒருத்தரும் இல்ல. மிஷின் முழுசா ரீஸ்டார்ட் ஆகும் மட்டும் அந்த ரேம் போனது போனதுதான். டாஸ்க் மேனேஜர்ல எந்தப் புரோகிராமுக்கு நேரயும் அது காட்டாது. "எல்லாத்தையும் கூட்டிப் பாத்தா ரெண்டு ஜிபி கூட வரேல்ல, ஆனா மேல 90 வீதம் எண்டு நிக்குது" எண்டு ஆரும் சொன்னா எனக்கு உடன கை ட்ரைவர் பக்கம்தான் போகும்.

ரேம் 80 வீதம் காட்டுது, இது லீக்கா?

இல்லாமலும் இருக்கலாம். கேக்கிற பாதிப் பேருக்கு லீக்கே இல்ல. விண்டோஸும் சரி லினக்ஸும் சரி, சும்மா கிடக்கிற ரேமை சும்மா விடாது, டிஸ்க்ல இருந்து வாசிச்ச ஃபைல்களை அதில வைச்சிருக்கும், திருப்பிக் கேட்டா கெதியா குடுக்க. ஆருக்கும் தேவையெண்டா அந்த இடத்தை உடன விட்டுக் குடுத்திடும். லினக்ஸ்ல "ஃப்ரீ" கமாண்டைப் போட்டுட்டு ஃப்ரீ கொலத்தைப் பாத்து பதறுற ஆக்கள் கனபேர், பாக்கவேண்டியது கடைசியில இருக்கிற "அவைலபிள்" கொலம்.

லீக்குக்கு அடையாளம் நிரம்பியிருக்கிறது இல்ல, திரும்பி இறங்காம ஏறிக்கொண்டே போறது. காலமை ஒரு அளவு, மத்தியானம் கூட, பின்னேரம் இன்னும் கூட, எல்லாத்தையும் மூடினாப் பிறகும் இறங்கேல்ல, அப்பதான் லீக் எண்டு சந்தேகப்படலாம். அதால முதல் வேலை ஒரு சீஆர் கொப்பியும் பேனையும். மணித்தியாலத்துக்கு ஒருக்கா நம்பரை எழுதுங்கோ. சிரிக்காதேங்கோ, நான் இண்டைக்கும் அதைத்தான் செய்யிறன்.

விண்டோஸ்ல எந்த நம்பரை எழுதோணும்?

டாஸ்க் மேனேஜர், பெர்ஃபோமன்ஸ், மெமரி. கீழ சின்ன எழுத்தில ரெண்டு நம்பர் இருக்கும், பேஜ்ட் பூல், நொன்-பேஜ்ட் பூல் எண்டு. பூல் எண்டுறது கேர்னலும் ட்ரைவர்களும் தங்களுக்கு ரேம் எடுக்கிற பொதுத் தொட்டி. பேஜ்ட் எண்டா தேவைப்பட்டா டிஸ்க்குக்கு மாத்தலாம், நொன்-பேஜ்ட் எண்டா மாத்தவே ஏலாது, எப்பவும் ரேம்லயேதான் இருக்கோணும். வீட்டு மிஷின்ல நொன்-பேஜ்ட் வழமையா சில நூறு எம்பிதான் வரும். அது ஜிபி கணக்கில நிண்டா, அதுவும் ஏறிக்கொண்டு நிண்டா, ஆரோ ஒரு ட்ரைவர் களவெடுக்குது.

இந்த ரெண்டும் சாதாரணமா இருந்து, "கமிட்டட்" (எல்லாருமாக் கேட்டு எடுத்துக்கொண்ட மொத்த மெமரி) எண்ட நம்பர் மட்டும் ஏறினா அது அனேகமா ஏதோ ஒரு புரோகிராம். அப்ப டீடெய்ல்ஸ் டாப்ல ஹாண்டில்ஸ், ஜிடிஐ ஒப்ஜெக்ட்ஸ் எண்ட ரெண்டு கொலத்தையும் சேர்த்துப் பாருங்கோ. ஹாண்டில் எண்டுறது புரோகிராம் திறந்து வைச்சிருக்கிற ஃபைல் மாதிரியானதுக்கு ஓஎஸ் குடுக்கிற டோக்கன், ஜிடிஐ எண்டுறது ஸ்கிரீன்ல கீறுற சாமான்கள், ஒரு புரோகிராமுக்கு வழமையா 10,000 மட்டும்தான் அனுமதி, அது முட்டினா ரேம் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் அந்தப் புரோகிராம்ட பட்டன் எல்லாம் காணாமப் போய் கறுப்பாத் தெரியும். பழைய பில்லிங் சொஃப்ட்வெயார்ல இது அடிக்கடி காணலாம்.

நான் ஒவ்வொரு நாளும் ஷட்டவுன் பண்ணிட்டுத்தான் போறன், பிறகும் காலமை ரேம் நிறையவே இருக்கு. அது எப்பிடி?

இதுதான் எனக்குப் பிடிச்ச கேள்வி. விண்டோஸ் 8 வந்த காலத்தில இருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் எண்டு ஒண்டு இருக்கு. நீங்க ஷட்டவுன் குடுக்கேக்க உங்கட புரோகிராம்களை மூடிப்போட்டு, கேர்னலை மட்டும் மூடாம அப்பிடியே டிஸ்க்ல ஒரு ஃபைலா எழுதி வைச்சிட்டுத்தான் மிஷின் நூருது. காலமை அந்த ஃபைலைத் திருப்பி ரேம்ல ஏத்தும். அப்ப நேற்று ட்ரைவர் லீக் பண்ணினதும் பத்திரமா நித்திரை கொண்டு எழும்பி வரும்! ரீஸ்டார்ட் குடுத்தாத்தான் கேர்னல் புதுசாத் தொடங்கும். கனபேர் நினைக்கினம் ஷட்டவுன்தான் பெரிய கழுவல், ரீஸ்டார்ட் சின்னக் கழுவல் எண்டு, உண்மையில தலைகீழ்.

பாக்க விருப்பமெண்டா டாஸ்க் மேனேஜர்ல சிபியு பக்கம் "அப் டைம்" எண்டு இருக்கு, நேற்று ராத்திரி ஷட்டவுன் பண்ணின மிஷின் 23 நாள் ஓடுது எண்டு சொல்லும். ஷிஃப்டை அமத்திக்கொண்டு ஷட்டவுன் குடுத்தா முழுசா நூரும், இல்லாட்டி பவர் ஒப்ஷன்ஸ்ல போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிப்பாட்டி விடலாம்.

2022ல எங்கட மிஷினுக்கு இந்தப் பிரச்சினை இருக்கேல்லயே, இப்ப ஏன்?

காலி வீதியில இருந்து கடல் பக்கம் இறங்குற ஒரு ஒழுங்கையில ஃபோட்டோகொப்பி, பிரிண்ட் எடுக்கிற கொமினிகேஷன் ஒண்டு, அந்த அண்ணைதான் இதை என்னட்ட முதல் கேட்டவர். 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் கட் இருந்தது ஆருக்கும் மறந்திருக்காது. யுபிஎஸ் பற்றரி செத்துப்போன கடையில கரண்ட் சட்டெண்டு போகும், மிஷின் செத்துப்போகும், திருப்பிப் போட்டா கேர்னல் புதுசு. லீக் அப்பவும் இருந்தது அண்ணை, வளர நேரம் கிடைக்கேல்ல, அவ்வளவுதான். 2023ல கரண்ட் ஒழுங்கா வரத் தொடங்கினாப் பிறகு அது நாள்க்கணக்கா சாப்பிட்டுக் கொழுத்துது. அவர் நாலு ஜிபியை எட்டாக்கினார், பிறகு பதினாறாக்கினார். நாலு எண்டா ரெண்டு நாளில இறுகிற மிஷின் பதினாறுக்கு ரெண்டு கிழமையில இறுகிச்சுது. ரேம் போட்டா தவணைதான் கூடும்.

2025 பெப்ரவரி 9ம் தேதி பாணந்துறை சப்ஸ்டேஷன்ல குரங்கு பாய்ஞ்சு நாடு முழுக்க இருட்டாச்சுதே, அண்டைக்குப் பிறகு ஒரு கிழமை தன்ட மிஷின் பறந்தது எண்டு அவரே சொன்னார். செலவில்லாம ரீஸ்டார்ட் பண்ணிவிட்ட ஒரே டெக்னீஷியன் அந்தக் குரங்குதான்.

எந்த ட்ரைவர் எண்டு எப்பிடிப் பிடிக்கிறது?

அந்தக் கடையில செய்ததையே சொல்லுறன், அதுதான் வழி.

முதல், ரீஸ்டார்ட் பண்ண வேணாம் எண்டு சொல்லிட்டுத்தான் வெளிக்கிட்டன். ஆக்கள் டெக்னீஷியன் வாறான் எண்டா வீடு கூட்டுற மாதிரி ரீஸ்டார்ட் பண்ணி வைச்சிருப்பினம், தடயம் எல்லாம் போயிடும். நொன்-பேஜ்ட் பூல் 5.2 ஜிபி நிண்டுது. மைக்ரோசொஃப்ட் ட்ரைவர் எழுதுற ஆக்களுக்குக் குடுக்கிற கிட்ல பூல்மொன் எண்டு ஒரு சின்னக் கறுப்பு ஸ்கிரீன் டூல் வரும், அட்மினா ஓடவிடோணும். பூல்ல இருந்து ரேம் எடுக்கிற ஒவ்வொரு ட்ரைவரும் நாலு எழுத்து டேக் ஒண்டைப் போட்டுத்தான் எடுக்கும், கலியாண வீட்டுப் பாத்திரத்தில பெயின்ட்ல பேர் எழுதி வைக்கிற மாதிரி. பூல்மொன் அந்த டேக் ஒவ்வொண்டுக்கும் எத்தினை தரம் எடுத்தது, எத்தினை தரம் திருப்பிக் குடுத்தது, வித்தியாசம் எவ்வளவு, மொத்தம் எத்தினை பைட் எண்டு காட்டும். கீபோர்ட்ல பி எழுத்தை அமத்தினா நொன்-பேஜ்ட் மட்டும் வாற மாதிரி மாத்தலாம் (பேஜ் எண்ட சொல்லின்ட பி), மற்ற பி, அதான் பைட் எண்ட சொல்லின்ட பி, அதை அமத்தினா கூடத் தின்னுறது மேல வரும். தமிழில எழுதினா ரெண்டும் ஒரே பி, என்ன செய்ய.

மேல நிண்ட டேக்ல எடுத்தது லட்சக்கணக்கு, குடுத்தது அதில கொஞ்சம். சரி, ஆள் பிடிபட்டாச்சு. ஆனா எப்ப எடுக்குது? பக்கத்து மிஷின்ல இருந்து ஒரு ஜிபி கலியாண வீடியோவை நெட்வேர்க்கால கொப்பி பண்ணச் சொன்னன். கொப்பி ஓட ஓட வித்தியாசம் எண்ட கொலம் மீட்டர் போட்ட த்ரீவீல் மாதிரி ஏறுது, கொப்பி நிண்ட உடன அதுவும் நிண்டுது, ஆனா இறங்கேல்ல. அஞ்சு நிமிஷம் பாத்துக்கொண்டு இருந்தம், அண்ணை பிளேன்டீயும் போட்டுத் தந்தார், நம்பர் அசையேல்ல. நெட்வேர்க் பக்கெட், அதான் நெட்வேர்க்கால வாற தகவல் துண்டு, வர வர ரேம் எடுக்குது, வேலை முடிய விடேல்ல.

அங்கால டேக்கை வைச்சு ஃபைலைத் தேடுறது. விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள சிஸ்டம்32, அதுக்குள்ள ட்ரைவர்ஸ், அதில நிண்டுகொண்டு ஃபைண்ட்எஸ்டிஆர் எண்ட கமாண்டுக்கு அந்த நாலு எழுத்தைக் குடுத்து எல்லா சிஸ் ஃபைலுக்குள்ளயும் (ட்ரைவர் இருக்கிற ஃபைல்) தேடச் சொன்னா பேரோட வரும். பெரிய எழுத்து சின்ன எழுத்து சரியாப் போடோணும். சில நேரம் ரெண்டு மூண்டு ஃபைல் வரும், ஒவ்வொண்டின்ட ப்ரொப்பர்ட்டீஸ்ல டீடெய்ல்ஸ் டாப்பைப் பாத்தா எந்தக் கொம்பனி செய்தது எண்டு இருக்கும். டேக் மைக்ரோசொஃப்ட்ட சொந்த டேக்கா இருந்தா கொஞ்சம் கவனம், விண்டோஸ் பகுதி எடுத்துக் குடுக்கிறதை வேற ட்ரைவர் திருப்பிக் குடுக்காம வைச்சிருக்கலாம், பேர் விண்டோஸுக்கு, களவு மற்றவனுக்கு.

அங்க வந்தது நெட்வேர்க் கார்ட் ட்ரைவர் கூட இல்ல, அதோட சேர்ந்து வந்த "கேம் விளையாடேக்க நெட்டை வேகமாக்கும்" எண்ட ஒரு சாமான்ட ட்ரைவர். ஃபோட்டோகொப்பிக் கடையில கேமுக்கு வேகம்!

கண்டுபிடிச்சாச்சு, இனி எப்பிடித் திருத்துறது?

தேவையில்லாத சாமானெண்டா கழட்டி எறியுங்கோ, அந்தக் கடையில அதைத்தான் செய்தன். தேவையான ட்ரைவர் எண்டா கார்ட் செய்த கொம்பனியின்ட புதுசு இருக்கோ எண்டு பாருங்கோ, புதுசு போட்டாப் பிறகுதான் தொடங்கினது எண்டா டிவைஸ் மேனேஜர்ல ரோல் பேக் குடுத்து பழசுக்குப் போங்கோ. மூண்டாவது வழி விண்டோஸோட வாற சாதா ட்ரைவர், வேகம் கொஞ்சம் குறையலாம், ஆனா ஒழுங்கா ஓடும். எதைச் செய்தாலும் ஒண்டொண்டாச் செய்து, ஒவ்வொண்டுக்குப் பிறகும் அதே வீடியோவைத் திருப்பிக் கொப்பி பண்ணி நம்பர் இறங்குதோ எண்டு பாக்கோணும், எல்லாத்தையும் ஒரே நாளில மாத்தினா எது திருத்திச்சுது எண்டு தெரியாது, அடுத்த அப்டேட்டோட திருப்பி வந்து நிக்கும்.

ரேம் கிளீனர் ஆப்?

வேணாம். அது செய்யிறது புரோகிராம்கள் பாவிச்சுக்கொண்டிருக்கிற ரேமை பலவந்தமா வெளிய தள்ளுறது, நம்பர் கொஞ்ச நேரம் வடிவாத் தெரியும், பிறகு எல்லாம் டிஸ்க்ல இருந்து திரும்பி வரோணும், மிஷின் இன்னும் இழுக்கும். நொன்-பேஜ்ட் பூலை அதால தொடவே ஏலாது.

லினக்ஸ் சேவர் வைச்சிருக்கிறம், அங்க எப்பிடி?

ப்ரொக் ஃபோல்டருக்குள்ள மெம்இன்ஃபோ எண்ட ஃபைலைத் திறந்தா ஸ்லாப் எண்டு ஒரு வரி இருக்கும், அதுதான் கேர்னல் தனக்கு எடுத்த சின்னச் சின்னத் துண்டுகள் சேர்ந்தது. அதுக்குக் கீழ ரெண்டாப் பிரிச்சு, திருப்பி எடுக்கக்கூடியது, எடுக்க ஏலாதது எண்டு. முதலாவது பெருசா இருந்தா பயப்படத் தேவையில்ல, ஃபைல் பேர்களை ஞாபகம் வைச்சிருக்குது, அவ்வளவுதான். ரெண்டாவது நாளுக்கு நாள் ஏறினாத்தான் பிரச்சினை. ஸ்லாப்டொப் எண்ட கமாண்ட் எந்த வகைத் துண்டு கூடுது எண்டு காட்டும்.

அங்கால போறதெண்டா கேமெம்லீக், லினக்ஸ் கேர்னலுக்குள்ளயே இருக்கிற லீக் பிடிக்கிற டூல். 2009ல 2.6.31 கேர்னலோட வந்தது. இது செய்யிற வேலை கெட்டித்தனமானது: கேர்னல் எடுத்த ஒவ்வொரு துண்டின்ட விலாசத்தையும் எழுதி வைச்சுக்கொண்டு, வழமையா 10 நிமிஷத்துக்கு ஒருக்கா மெமரியை முழுக்க வாசிச்சு, இந்த விலாசத்தை இன்னும் ஆரும் கையில வைச்சிருக்கினமோ எண்டு தேடும். ஒருத்தரிட்டயும் இல்லையெண்டா அந்தத் துண்டு அநாதை, அதைத் திருப்பிக் குடுக்கிறதுக்குக்கூட ஆருக்கும் வழி தெரியாது எண்டு அர்த்தம், உடன அதை எடுத்த ஃபங்ஷன்ட பேரோட ரிப்போட் எழுதும். தானா விடுவிக்காது, காட்டிக் குடுக்கிறது மட்டும்தான். இடைக்கிடை பொய்யும் சொல்லும், அதால ஒரே ரிப்போட் திருப்பித் திருப்பி வருதோ எண்டு பாக்கோணும். ஓடுற சேவர்ல போடாதேங்கோ, கேர்னலையே அதுக்கெண்டு கொம்பைல் பண்ணோணும், வேகமும் விழும், டெஸ்ட் மிஷின்ல போடுங்கோ.

இன்னொரு குறை, விலாசத்தை ஒரு லிஸ்ட்ல எழுதி வைச்சுக்கொண்டு அந்த லிஸ்டை ஒருநாளும் வெட்டாம இருந்தா கேமெம்லீக்குக்கு அது லீக்காத் தெரியாது. கதிரைக்குக் கணக்கு இருக்கு, குடுக்கிற எண்ணம்தான் இல்ல.

கம்பஸ்ல ஓஎஸ் படிக்கிறன் அண்ணா, ட்ரைவர் கோட்ல லீக்கை எங்க தேடுறது?

பிழை வந்தா திரும்புற பாதையில. நேர் பாதையை எல்லாரும் வடிவா எழுதுவினம். ஒரு ஃபங்ஷன் முதல் ஒரு துண்டு எடுக்குது, பிறகு ரெண்டாவது எடுக்கப் பாக்குது, கிடைக்கேல்ல, உடன "மெமரி இல்ல" எண்டு ரிட்டர்ன் பண்ணுது, முதல் எடுத்ததை விடாமலே. அந்த ரெண்டாவது தோக்கிறது வருஷத்தில ஒருக்கா எண்டதால டெஸ்ட்ல பிடிபடாது. அதுக்குத்தான் லினக்ஸ் கேர்னல்ல ஃபங்ஷன்ட கீழ லேபிள் வைச்சு, கோட்டுவால (goto, புரோகிராம்ல நேரா வேற வரிக்குப் பாயச் சொல்லுற கட்டளை) அங்க பாய்ஞ்சு, எடுத்த வரிசைக்குத் தலைகீழா ஒண்டொண்டா விடுற பழக்கம். லெக்சர்ல கோட்டு பாவம் எண்டு சொல்லித் தந்திருப்பினம், கேர்னல் கோட்டைத் திறந்து பாருங்கோ, எங்க பாத்தாலும் கோட்டுதான், அதுவும் இதுக்குத்தான். டெவ்எம் எண்டு தொடங்கிற ஃபங்ஷன்களும் இருக்கு, டிவைஸ் கழரேக்க தானே விடும்.

ஒரு துண்டை எத்தினை பேர் பாவிக்கினம் எண்ட எண்ணிக்கையைக் கூட்டிட்டுக் குறைக்க மறக்கிறதும் லீக்தான், அது இன்னும் ஆபத்து. 2016 ஜனவரியில வெளிய வந்த லினக்ஸ் கீரிங் (கேர்னல் சாவி, பாஸ்வேர்ட் மாதிரியானதை வைச்சிருக்கிற பகுதி) ஓட்டை அப்பிடித்தான், ஒரு பிழைப் பாதையில குறைக்க மறந்தது, அதைத் திருப்பித் திருப்பிக் கூப்பிட்டு 32 பிட் எண்ணி நிரம்பி பூச்சியத்துக்கு வரும் மட்டும் ஓடவிட்டா, ஆரோ பாவிக்கிற துண்டையே கேர்னல் விட்டிடும், அங்கால ரூட், அதாவது மிஷின் முழுக்க உள்ள வந்தவன்ட கையில. ரஸ்ட் எண்ட புரோகிராம் மொழியில எழுதினா வராதோ எண்டு கேப்பீங்க, கனக்கக் குறையும், ஆனா ஒண்டையொண்டு பிடிச்சுக்கொண்டிருக்கிற ரெண்டு ஆர்சி (எத்தினை பேர் பாவிக்கினம் எண்டு தானே எண்ணுற ரஸ்ட் சாமான்) செய்தா ரஸ்ட்டும் பேசாமப் பாத்துக்கொண்டிருக்கும்.

ராத்திரி ராத்திரி தானா ரீஸ்டார்ட் ஆக விட்டாக் காணாதோ?

கடை மிஷினுக்குக் காணும், நானும் சில இடத்தில அப்பிடி விட்டிருக்கிறன், பொய் சொல்லேல்ல. ஆனா லீக் எப்பவும் ஒரே வேகத்தில வளராது. லண்டன் அம்புலன்ஸ் சேவைக்கு 1992ல புது கொம்பியூட்டர் சிஸ்டம் போட்டவை, ஒவ்வொரு வாகனத்தை அனுப்பேக்கயும் ஃபைல் சேவர்ல துளி மெமரி விடுபடாமல் நிண்டது, மூண்டு கிழமையாச் சேர்ந்து நவம்பர் 4 விடியப்புறம் சிஸ்டம் விழுந்துது. 2012 ஒக்டோபர் 22ல அமேசன் க்ளவுட் படுத்ததும் இப்பிடி ஒண்டால: தகவல் சேர்க்கிற ஒரு சேவர் பழுதாகி மாத்தினவை, புது விலாசம் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரேல்ல, பழைய விலாசத்துக்குத் திருப்பித் திருப்பி முயற்சி செய்த சின்ன புரோகிராமுக்குள்ள இருந்த லீக் அப்பதான் எழும்பி ஸ்டோரேஜ் சேவர்களின்ட மெமரியைத் தின்னுது. மற்ற நாளில அது ஒருத்தருக்கும் தெரியாத லீக். உங்கட மிஷினும் நத்தார் சீசன்ல வேலை நாலு மடங்காகேக்க ராத்திரி வரைக்கும் தாக்குப்பிடிக்குமோ எண்டதை ராத்திரி ரீஸ்டார்ட் சொல்லாது.

அந்தக் கொமினிகேஷன் இப்ப எப்பிடி?

கழட்டி மூண்டு கிழமைக்குப் பிறகு போனன், லாச்சிக்குள்ள இருந்த சீஆர் கொப்பியை எடுத்துக் காட்டினார். நொன்-பேஜ்ட் பூல் எம்பி கணக்கில, திங்கள் 310, செவ்வாய் 322, புதன் 308, அப்பிடியே பக்கம் முழுக்க. கொப்பிக்குக் கீழ பழைய நாலு ஜிபி ரேம் ரெண்டு துண்டு, பொலித்தீன்ல சுத்தி. "இதை ஆரும் எடுப்பினமோ தம்பி?" எண்டு கேட்டார். நான் பம்பலப்பிட்டியில ஒரு கடையில கேட்டுப் பாக்கிறன் எண்டு சொல்லிட்டு வந்தன், இன்னும் கேக்கேல்ல.